சாண் வேறு, முழம் வேறு

கேள்வி சுருக்கமாக இது. வெள்ளவத்தையில் இருக்கும் 38 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். கம்பனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்தாறு வருடமாகத் தினமும் இரவு கால் போத்தல் சாராயம். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து டொக்டர் முகம் சுளித்த பிறகு, சனிக்கிழமை மட்டும் இரண்டு ஷொட் என்று குறைத்துக்கொண்டார். ஏழு வாரம் ஒழுங்காகப் போனது. போன திங்கள் இரவு நண்பனின் தகப்பனுடைய சாவுக்குப் பொரளையில் மலர்ச்சாலைக்குப் போனவர், அரைப் போத்தல் குடித்துவிட்டு வீடு திரும்பினார். செவ்வாயும் அரை. புதன் கால். "ஏழு வாரமும் வீணாய்ப் போச்சு அண்ணா, நான் திருந்துகிற ஆள் இல்லை போல" என்கிறார். மனைவி பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டுச்செலவு, அதாவது செத்தவருக்கு எட்டாம் நாள் படையல். அதற்குப் போவதா, சனிக்கிழமை இரண்டு ஷொட்டைத் தொடர்வதா, மனைவியிடம் என்ன சொல்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

தம்பி, பதில் நீளும். அதற்கு முன் அவசரமான ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். புதன் இரவுக்குப் பிறகு குடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று காலையில் கை நடுங்கியதா? சும்மா இருக்கும்போதே வியர்க்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா? முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா? ஏழு வாரம் குறைத்திருந்து மூன்று நாள் குடித்த உங்களுக்கு இது வரும் வாய்ப்புக் குறைவு. ஆனால் இதை வாசிக்கிற வேறு ஒருவர் மாதக்கணக்கில் தினமும் அரைப் போத்தலுக்கு மேல் குடிப்பவராக இருக்கலாம். அவர் நாளையே ஒரேயடியாக நிறுத்தக்கூடாது. கடைசிக் கிளாஸ் முடிந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் இடம் பொழுது தெரியாமல் உளறுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் என்று போனால் அது உயிருக்கே ஆபத்து. வீட்டில் தேசிக்காய்த் தண்ணி கொடுத்துச் சமாளிக்கிற விஷயமல்ல அது. 1990 அம்புலன்ஸுக்கு எடுத்துவிட வேண்டும். வைத்தியசாலையில் மருந்து கொடுத்து, விற்றமின் பி1 ஏற்றி, படிப்படியாக இறக்குவார்கள். "மன உறுதி இருந்தால் நிறுத்தலாம்" என்று சொல்கிற உறவினர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் கணக்குக்காரர், ஆகவே கணக்காகவே பேசுவோம்.

கால் போத்தல் என்பது 180 மில்லி. நம்மூர் சாராயத்தில் மதுசாரம் குறைந்தது 33 வீதம் என்று வைத்தால், ஒரு காலில் சுமார் 47 கிராம் சுத்த மதுசாரம் இருக்கிறது. 375 மில்லி அரையில் கிட்டத்தட்ட 100 கிராம். 50 மில்லி ஷொட் ஒன்றில் 13 கிராம். பழையபடி தினமும் கால் அடித்திருந்தால், அந்த ஏழு வாரத்தோடு இந்த மூன்று நாளையும் சேர்த்த 52 நாளில் உங்கள் ஈரலுக்குள் போயிருக்கக் கூடியது ஏறத்தாழ 2,450 கிராம். உண்மையில் போனது என்ன? ஏழு சனிக்கிழமைக்கு 180 கிராம் சொச்சம், இந்த மூன்று நாளில் 245 கிராம். மொத்தம் 430 கிராமுக்குள். ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. எந்த ஓடிட்டர் வந்து பார்த்தாலும் இதை "வீணாய்ப் போச்சு" என்று எழுதமாட்டார்.

ஆனால் உங்கள் மனம் அப்படி எழுதவில்லை. திங்கள் இரவு மலர்ச்சாலை வாசலில் முதல் ஷொட் உள்ளே போனதும் மனதுக்குள் ஒரு வசனம் ஓடியிருக்கும். நம் மொழியில் அதற்கு ரெடிமேட் பழமொழிகளே இருக்கின்றன. "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?" "நனைந்தபின் முக்காடு எதற்கு?" கேட்க ஞானம் போல இருக்கும். குடி விஷயத்தில் இதைவிடப் பிழையான கணக்கு கிடையாது. ஒரு ஷொட் 13 கிராம், அரைப் போத்தல் 100 கிராம். சாணுக்கும் முழத்துக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். முதல் ஷொட் சாண்தான். மிச்சம் முழுவதும் அந்தப் பழமொழிக்காகக் குடித்தது.

அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் 1980களிலேயே இதைப் பற்றி நிறைய வேலை செய்தார். சறுக்கல் வேறு, பழையபடி விழுவது வேறு. முதலாவதை இரண்டாவதாக்குவது மதுசாரத்தைவிட அதைப் பற்றி நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் விளக்கம்தான் என்பது அவர் சொன்னதன் சாரம். "நான் உறுதியில்லாதவன், என் சுபாவமே இப்படி" என்று விளக்கம் சொல்கிறவர் தொடர்ந்து குடிக்கிறார். "நேற்று இரவு சாப்பிடாமல் போய் அந்த ஆட்களோடு நின்றது பிழை" என்று சொல்கிறவர் அடுத்த நாள் எழும்பி வேலைக்குப் போகிறார். இருவரும் குடித்த அளவு ஒன்றாகவே இருக்கலாம்.

உங்கள் மூன்று நாளையும் இந்தக் கண்ணால் பாருங்கள். திங்கள் குடித்தது செத்த வீட்டுக்காக. செவ்வாய் குடித்தது எதற்காக? திங்கள் குடித்துவிட்டோமே என்ற வெட்கத்துக்காக. எனக்குத் தெரிந்து சறுக்கலில் ஆபத்தான நாள் இரண்டாம் நாள்தான். அன்று காலை வருகிற அந்தக் கனமான உணர்வு முழுவதும் மனச்சாட்சி என்று நினைக்க வேண்டாம். அதில் பாதி வெறும் இரசாயனம். மதுசாரம் மூளையை அமத்துகிற பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. மூளை அதை ஈடுகட்ட, கிளப்பிவிடுகிற பக்கத்தைக் கூட்டி வைக்கிறது. மதுசாரம் இறங்கினதும் கூட்டி வைத்தது மட்டும் மிஞ்சுகிறது. காரணமில்லாத பயம், படபடப்பு, யாரோ திட்டப் போகிறார்கள் என்ற எண்ணம் எல்லாம் அதனால்தான். இதே காரணத்தால்தான் விடிய மூன்று மணிக்கு விழிப்பு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் "நித்திரைக்கு ஒன்று" என்று எடுக்கிறவர்கள் அடுத்த இரவையும் கெடுத்துக்கொள்கிறார்கள். மூன்று நான்கு இரவு நித்திரை குழம்பும், பிறகு தானாகச் சீராகும். அந்த மூன்று மணியில் உங்கள் சுபாவத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. தலையிடிக்குப் பனடோலை இரண்டு இரண்டாக விழுங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. ஈரல் பரிசோதனை சரியில்லாத ஆள் குடித்த அடுத்த நாட்களில் அதை டொக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தண்ணி, கஞ்சி, சோறு, நித்திரை. இவை போதும்.

நான் டொக்டர் அல்ல. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன், 20 வயதில் தொடங்கிக் குடித்தவன், நிறுத்தி 16 வருடம் ஆனவன். சில வருடங்களாகக் குறைக்க நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலை. என் கதையில் ஒரு பகுதி உங்களுக்குப் பயன்படும், அதனால் சொல்கிறேன். நான் நான்கு வருடம் தொடர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டேன். 41 நாள், ஒரு சொட்டு இல்லை. யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. அந்த மண்டலம் முழுவதும் எனக்கு ஆசையே வரவில்லை என்றுகூடச் சொல்வேன். நாலாவது வருடம் மாலை கழற்றித் திரும்பி வருகிறேன், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வானோடு வந்த கூட்டாளி செட் பின் சீட்டில் போத்தலோடு இருந்தது. நீர்கொழும்பு வீதி முடிவதற்குள் நான் பழைய ஆள். 41 நாளில் மிச்சம் பிடித்ததை அந்த வாரமே செலவழித்தேன்.

பல வருடம் இதை என் ஒழுக்கக்கேடு என்றே நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. விரதம் பிடிக்க எனக்கு நன்றாகத் தெரியும். விரதம் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில் எப்படி இருப்பது என்று தெரியாது. தவக்காலத்தில் 40 நாள் விட்டுவிட்டு ஈஸ்டர் மத்தியானம் விழுகிற கொச்சிக்கடைப் பொடியன்களும் இதே வகுப்புத்தான். விரதத்தின் இலக்கணம் அப்படி. உடைந்தால் உடைந்ததுதான், பாதி உடைந்த விரதம் என்று ஒன்று கிடையாது. கடவுளுக்கு அது சரி. குடியைக் குறைக்கிற வேலையை அதே இலக்கணத்தில் எழுதினால், ஒரு ஷொட்டில் முழுக் கட்டடமும் இடியும். நீங்கள் ஏழு வாரத்தை விரதமாக எண்ணினீர்கள், அதனால்தான் ஒரு இரவு அதை அழித்துவிட்டதாகத் தெரிகிறது. பழக்கமாக எண்ணியிருந்தால் 49 நாள் பயிற்சியும் அப்படியே உங்கள் கையில் இருக்கிறது. சைக்கிளில் விழுந்தவன் ஓடத் தெரியாதவனாகிவிடுவதில்லை.

இப்போது திங்கள்கிழமையைப் பின்னுக்கு ஓட்டிப் பார்க்கலாம். இதைத்தான் நீங்கள் கவனமாகச் செய்ய வேண்டும். சறுக்கல் முதல் ஷொட்டில் தொடங்குவதே இல்லை, நாலைந்து மணித்தியாலம் முன்பே தொடங்கிவிடும். உங்கள் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். வேலையால் நேரே போனீர்கள், அதாவது மத்தியானத்துக்குப் பிறகு சாப்பாடு இல்லை. மனைவி வருகிறேன் என்றபோது "பிள்ளைக்குச் சோதனை, நீ நில்" என்றீர்கள். பெரியவர்களோடு உள்ளே இருக்காமல் பழைய செட்டோடு வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்றீர்கள். யாரோ சோடா வாங்கப் போக வேண்டும் என்றபோது "நான் போய் வாறன்" என்று போனது நீங்கள். திரும்பி வரும்போது காரின் டிக்கி திறந்திருந்தது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் குற்றமில்லாத காரியம். செத்த வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பதில் என்ன பிழை? ஆனால் ஐந்தையும் வரிசையாக வைத்தால், அந்த ஷொட் பொரளைக்கு வரும் முன்பே ஊற்றியாகிவிட்டது.

இந்த ஐந்தையும் எழுதி வையுங்கள். ஏனென்றால் இதில் கடைசி ஒன்றை மட்டும்தான் மன உறுதியால் வெல்ல வேண்டும். முதல் நாலையும் சும்மா சுலபமாக மாற்றலாம். டிக்கிக்குப் பக்கத்தில் நின்று "வேண்டாம்" என்று சொல்வது பெரிய பாடு. ஐந்தரைக்கு மருதானையில் இறங்கி இரண்டு இடியப்பப் பார்சலோ ஒரு கொத்தோ சாப்பிட்டுவிட்டுப் போவது பாடேயில்லை. பசியும் குடியாசையும் உடம்பில் ஏறத்தாழ ஒரே குரலில்தான் பேசும். மத்தியானம் சாப்பிடாத ஆளுக்கு ஆறு மணிக்கு வருவது சாராய ஆசை என்று அவர் நினைப்பார், பாதி நாள் அது வெறும் பசி. கோபம், தனிமை, களைப்பு ஆகியவையும் அப்படியே வேஷம் போட்டு வரும். நான் நிறுத்திய முதல் வருடம் பையில் எப்போதும் ஒரு பக்கெட் கடலையும் இரண்டு டொபியும் வைத்திருந்தேன். சிரிப்பாகத்தான் இருக்கும்.

ஆசை வந்துவிட்டால் என்ன செய்வது? அது அலை மாதிரி. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் அடங்கிவிடும். ஏறிக்கொண்டிருக்கும்போது இது இரவு முழுவதும் இப்படியே ஏறும் என்று மனம் பொய் சொல்லும். மல்லுக்கட்ட வேண்டாம், "வந்திருக்கிறது, நெஞ்சில் இறுக்கமாக இருக்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது" என்று பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்துங்கள். வெள்ளவத்தை ஆளுக்கு இதற்கு வசதி உண்டு. காலி வீதியில் வைன் ஸ்டோர் பக்கம் திரும்பாமல் கீழே மரைன் டிரைவுக்கு இறங்கி, ரயில் பாதையோரமாகப் பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்பினால் அலை இறங்கியிருக்கும். அங்கேயும் கடலைக்காரன் இருப்பான்.

"ஒண்டே ஒண்டு, மச்சான்" என்கிறவனுக்கு என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே வாயில் பழக்கி வையுங்கள். விளக்கம் கொடுத்தால் தோற்றுவிடுவீர்கள், ஏனென்றால் குடிக்கிற செட்டில் விவாதத்துக்கு நேரம் தாராளம். "மருந்து எடுக்கிறன், டொக்டர் வேண்டாம் எண்டிட்டார்" என்றால் நம் ஆட்களிடம் அதற்கு மேல் பேச்சில்லை. பொய் என்று உறுத்தினால், அந்த இரத்தப் பரிசோதனைத் தாளை நினையுங்கள், அது பொய்யல்ல. கையில் எப்போதும் ஒரு கிளாஸ் சோடாவும் தேசிக்காயும் இருக்கட்டும். வெறுங்கையைக் கண்டால்தான் ஊற்ற வருவார்கள்.

வீட்டில் போத்தல் வைத்திருப்பது பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கிறேன். சனிக்கிழமை இரண்டு ஷொட் என்றால் மிச்சம் எங்கே இருக்கிறது? கணக்குக்காரர்கள் இதில் ஒரு மடத்தனம் செய்வார்கள், நானும் செய்தவன். கால் வாங்குவதைவிட அரை இலாபம், அரையைவிட முழுசு இலாபம் என்று பெரியதை வாங்குவது. பௌர்ணமிப் போயாவுக்கு முதல்நாள் பின்னேரம் வைன் ஸ்டோர் வாசலில் நிற்கிற வரிசையைப் பாருங்கள். அடுத்த நாள் கடை பூட்டு என்பதற்காக, அன்றைக்குக் குடிக்க நினைத்திராதவனும் ஒன்றை வாங்கி அலுமாரிக்குள் வைப்பான். வைத்தது போயா இரவு தாண்டாது. குறைக்கிற ஆளுக்கு வீட்டில் மிச்சம் இருக்கவே கூடாது. சின்னதை அதிக விலைக்கு வாங்குவதுதான் இங்கே இலாபம். சாராயத்தை விட்டு ஸ்ட்ரோங் பியருக்கு மாறினால் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் விடுங்கள். 8.8 வீதப் பியரில் 625 மில்லிப் பெரிய போத்தல் ஒன்றுக்குள் 43 கிராம் இருக்கிறது. அது கால் சாராயத்துக்குச் சற்றுக் கீழே, அவ்வளவுதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. குறைப்பதா, முழுக்க விடுவதா? இதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறு, என் கருத்தைச் சொல்கிறேன். சிலருக்குக் குறைப்பு ஒத்துவரும். ஏழு சனிக்கிழமை இரண்டு ஷொட்டோடு நின்றிருக்கிறீர்கள், அது பொய்யல்ல. ஆனால் உங்களையே நேர்மையாகக் கேளுங்கள். அந்தச் சனிக்கிழமைகளில் இரண்டாவதுக்குப் பிறகு மூடியைப் பூட்டுவது எவ்வளவு பாடாக இருந்தது? வெள்ளிக்கிழமையே நாளைய இரண்டை நினைத்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் இரண்டைவிடச் சைபர் இலேசு. எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒன்றும் இல்லையென்று முடிவெடுத்தால் ஒரு தடவைதான் முடிவெடுக்க வேண்டும். இரண்டு என்று வைத்தால் ஒவ்வொரு கிளாஸுக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டும், அதுவும் வெறியில் இருக்கிற மூளையோடு. ஈரலில் ஏற்கனவே சேதம் என்று டொக்டர் சொல்லியிருந்தால் இந்த யோசனைக்கே இடமில்லை, சைபர்தான். உங்கள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று திரும்ப ஒருமுறை அவரிடம் கேளுங்கள். இந்த மூன்று நாளையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

மருந்துகளும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. நல்ட்ரெக்சோன் என்பது குடிக்கும்போது வருகிற அந்த இன்பத்தை மங்கவைக்கிறது, அதனால் ஒன்றிலிருந்து நாலுக்குப் போகிற வேகம் குறைகிறது. அக்கம்ப்ரோசேட், நிறுத்திய பிறகு வருகிற அந்தரத்தைத் தணிக்க. ஈரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் இவற்றைக் கொடுப்பார்கள், ஆகவே மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூன்றாவது டைசல்ஃபிராம். அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, சத்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, பிரஷர் விழும். அந்தப் பயத்தில் குடிக்காமல் இருக்க வேண்டும் என்பது அதன் தத்துவம். எடுக்கிறவர் தெரிந்து, சம்மதித்து, மருத்துவரின் பார்வையில் எடுத்தால் சிலருக்கு உதவும். ஆனால் கறிக்குள் கலந்து, புருஷனுக்குத் தெரியாமல் கொடுக்கிற வேலை நம் வீடுகளில் நடக்கிறது. விளம்பரம் போட்டுப் பொடியாக விற்பவர்களும் உண்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை வாசிக்கிற மனைவிமார், தாய்மார் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இதயம் பலவீனமான ஆள் தெரியாமல் குடித்துவிட்டால் செத்த வீடு உங்கள் வீட்டில்தான்.

மனைவி விஷயம். திங்கள் இரவே பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியதாக எழுதியிருக்கிறீர்கள், செவ்வாய் குடித்ததாகவும். அவர் பேசாமல் இருப்பது குடித்ததற்காக மட்டும் என்று நினைக்கிறீர்களா? சத்தியம் என்பது சறுக்கலுக்கு மேல் வைக்கிற இரண்டாவது பாரம். அது உடையும்போது பிள்ளையின் பெயரும் சேர்ந்து உடைகிறது. இனிமேல் சத்தியம் வேண்டாம். பதிலாக விவரம் சொல்லுங்கள். "திங்கள் அரை, செவ்வாய் அரை, புதன் கால் குடித்தேன். சாப்பிடாமல் போனேன், உன்னை வரவேண்டாம் என்றது அதற்குத்தான் போல. இந்த வாரம் டொக்டரிடம் போகிறேன், நீயும் வா." இவ்வளவுதான். அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், வீட்டுப் பெண்களுக்கு மணத்திலேயே அளவு தெரியும். மன்னிப்புக் கேட்டு அழுது அவரைத் தேற்ற வைக்க வேண்டாம், ஏழு வாரமாக உங்களோடு அவரும் பயந்துகொண்டுதான் இருந்தார். பேசாமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது. ஒரு வாரம் பேசாவிட்டாலும் நீங்கள் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வாருங்கள்.

ஆள் தேவை என்றால் இந்த ஊரில் இடங்கள் இருக்கின்றன. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையின் இலக்கம் 1927. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இரவு பகல் எந்நேரமும் இயங்கும், விடிய மூன்று மணிக்கும் எடுக்கலாம். கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேசில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் கீழ் மெல் மெதுர என்று ஒன்று இருக்கிறது, குடி, போதைப்பொருள் விஷயத்துக்கென்றே உள்ள இடம், குடும்பத்தவர்களும் போய்ப் பேசலாம். தேசிய வைத்தியசாலை கிளினிக்குக்கும் போகலாம். எடுத்தவுடன் "தமிழில் பேச ஆள் இருக்கிறாரா" என்று கேளுங்கள். உடைந்த சிங்களத்தில் மனதைச் சொல்வது கஷ்டம். அங்கொடை என்ற பெயரைக் கேட்டாலே நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். சந்தையில் போத்தலோடு நிற்பதை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள், கிளினிக்கில் நிற்பதை நாலு பேர் பார்த்தால் என்ன?

இனி சனிக்கிழமை. இந்தச் சனி வேண்டாம். தண்டனையாக அல்ல. புதன் வரை குடித்த உடம்புக்கு வரிசையாகச் சில வெறும் நாட்கள் தேவை, நித்திரை சீராக வேண்டும், அந்த இரசாயன வெட்கம் இறங்க வேண்டும். தவிர, ஞாயிறு எட்டுச்செலவுக்கு முதல்நாள் வாயை நனைப்பது புத்தியல்ல. அடுத்த சனியைப் பற்றி டொக்டரைக் கண்ட பிறகு யோசியுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏழு வாரம் குறைத்ததில் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும், பழைய அளவு இப்போது பழையதைவிடக் கடுமையாக ஏறும். திங்கள் இரவு அரையோடு வீடு வந்தது எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் அது பற்றித்தான் நான் உங்களோடு சண்டை பிடிப்பேன்.

எட்டுச்செலவுக்குப் போங்கள். நண்பனின் தகப்பன், போகாமல் இருந்தால் அந்த வெட்கமே வேறொரு நாள் போத்தலாகும். செத்தவருக்குப் பிடித்தது என்று படையலில் ஒரு போத்தலும் வைக்கிற வீடுகள் உண்டு, படையல் எடுத்த பிறகு அது எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மனைவி பேசாவிட்டாலும் கூட வரச் சொல்லிக் கேளுங்கள், வந்தாலும் வருவார். மோட்டார் சைக்கிள் இருந்தால் அதை வீட்டில் விட்டு ஓட்டோவில் போங்கள். நண்பனின் தாயிடம் போய் இருந்து இரண்டு வார்த்தை பேசுங்கள், படையலுக்குக் கும்பிடுங்கள், சாப்பாடு போடும்போது சாப்பிடுங்கள். பின்வளவில் கதிரை போட்டு வட்டமாக இருக்கத் தொடங்கும்போது, செட்டில் யாருக்கும் சொல்லாமல் நண்பனுக்கு மட்டும் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். சோடா வாங்க ஆள் தேவைப்பட்டால் வேறு யாராவது போகட்டும்.